விசில் கொண்டுவந்த ஸ்காட்ச்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட தட்டைக்கூட இன்னும் கழுவவில்லை, மச்சான் வந்து நின்றான். துண்டு சுற்றிய எதையோ பச்சைப்பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துச் செருப்பைக் கழற்றினான்.

கூண்டுக்காரன் பாயை நகர்த்திப் போட்டான். மறுநாள் காலையில் அவனுக்கு விசாரணை. ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்ததில் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. யாராவது வந்து எதையாவது பேசிக்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தவனுக்கு, வந்தது மச்சான் என்றதும் பாதி பாரம் இறங்கிப்போன மாதிரி இருந்தது.

துறைமுக யார்டில் கிரேன் உச்சியில் இருக்கிற கேபினைக் கூண்டு என்பார்கள். அதில் உட்கார்ந்து லீவர் இழுக்கிறவன் கூண்டுக்காரன். கீழே நின்று அவனுக்குச் சிக்னல் காட்டுகிறவன், கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால், விசில். விசிலின் கூடப்பிறந்த தங்கச்சியைத்தான் கூண்டுக்காரன் கட்டியிருந்தான். 'விசில் விரலைச் சுத்தினான், கூண்டுக்காரன் பொண்ணைத் தூக்கிட்டான்' என்று யார்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மேலே இருக்கிறவனுக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. சரக்கு கப்பலின் வயிற்றுக்குள் இறங்கிவிட்டால் சுத்தமாகத் தெரியாது. கீழே நிற்கிறவனின் கைதான் அவனுக்குக் கண். ஆள்காட்டி விரலை உயர்த்திச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கையை அகல நீட்டி வீசினால் நிறுத்து. அதோடு ஒரு நீட்டு விசிலும் ஊத வேண்டும், அதுதான் சட்டம். மச்சானின் முகத்தைவிட அவன் கைதான் கூண்டுக்காரனுக்குப் பழக்கம். அத்தனை உயரத்திலிருந்து பார்த்தால் முகமா தெரியும்? ஒரு ஹெல்மெட், ஒரு கை, அவ்வளவுதான். காய்ச்சலோடு வேலைக்கு வந்திருக்கிறானா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறானா என்பதெல்லாம் அந்தக் கை ஆடுகிற ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

போன மாதம் அந்தக் கை விரலைச் சுழற்றியது, இவன் தூக்கினான். இரும்புத் தகட்டுக் கட்டு பாதி உயரம் ஏறும்போது வயர் ரோப் அறுந்தது. கொக்கி மாட்டிவிட்டு நகர்ந்துகொண்டிருந்த கொக்கிக்காரர்மேல் கட்டு விழுந்து, அவருடைய ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் குலுங்கிக் குலுங்கி அழுதான். ரோப்பில் இழை பிரிந்திருந்ததைக் காலையிலேயே பார்த்து மேனேஜரிடம் சொன்னானாம். கப்பல் கிளம்பணும், இந்த ஒரு கட்டுதானே, தூக்கச் சொல்லு என்று அவர் பக்கத்திலேயே நின்று விரட்டினாராம். 'விசாரணையில இத அப்படியே சொல்லிடறேன் மாப்ள, என் தலையே போனாலும் போகட்டும்' என்று அன்றைக்கே சொல்லியிருந்தான்.

அவன் சொன்னால்தான் உண்டு. அவன் சொல்லாவிட்டால் ஆபரேட்டர் தாறுமாறாகத் தூக்கினான் என்று கம்பெனி எழுதிவைத்திருப்பதுதான் நிற்கும். கூண்டுக்காரனின் லைசென்ஸ் போகும், கேஸும் வரும். அதைவிட, ஒரு மனுசனின் காலை எடுத்தவன் என்கிற பேர் சாகும்வரை கூடவே வரும்.

மச்சான் துண்டைப் பிரித்தான். உள்ளே பாட்டில். தடித்த கண்ணாடி, மங்கின தங்க நிறத்தில் சரக்கு.

"ஸ்காட்ச்சு," என்றான். "முப்பது வருசம் பீப்பாயிலயே கெடந்ததாம். கப்பல்ல சமையல்காரன் ஒருத்தன் குடுத்தான்."

"முப்பது வருசமா? அப்ப இதுக்கு நாமதான் வணக்கம் வைக்கணும்," என்றான் கூண்டுக்காரன். பல நாள் கழித்து அவன் வாயிலிருந்து ஒரு கேலி வந்தது. அடுப்படியில் இருந்த மனைவிகூட எட்டிப்பார்த்தாள். மறுநாள் விசாரணையை வைத்துக்கொண்டு இது தேவையா என்று அவள் முணுமுணுக்க, ஒரு வாய் உள்ளே போனால்தான் இவன் இன்றைக்காவது தூங்குவான் என்று அண்ணன் சமாதானம் சொன்னான். அதுவும் சரிதான் என்று பட்டதால் அவள் கடலையை வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். கூண்டுக்காரன் எவர்சில்வர் டம்ளர் எடுக்க எழுந்தான்.

"அது வேணாம். எவர்சில்வர்ல ஊத்தினா வாசன செத்துடும்," என்று சொல்லி, மச்சான் பேண்ட் பைகளிலிருந்து ஆளுக்கொன்றாக இரண்டு கண்ணாடி கிளாஸ்களை எடுத்து வைத்தான். அடி அகன்று வாய் குறுகினவை.

கூண்டுக்காரன் வாய்விட்டே சிரித்துவிட்டான். யார்டு ஆட்கள் குடிக்கிற குடி வேறு. பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரே மூச்சு. பிறகு உள்ளங்கை உப்பை நக்கிவிட்டுப் பேய் பிடித்தவன் மாதிரி தலையை உதறுவார்கள். அதிலும் விசில் பேர்போனவன். 'தொண்டையில நிக்க வச்சுப் பேச அதென்ன சொந்தக்காரனா?' என்பான். அப்பேர்ப்பட்டவன் இன்றைக்குக் கிளாஸில் இரண்டு விரல் ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, லேசாக ஒரு சுற்றுச் சுற்றினான். சரக்கு கண்ணாடியில் ஏறி, கோடு கோடாக மெல்ல வழிந்தது.

"மோந்து பாரு. மூக்கை உள்ள விட்டுடாத, ஏறிடும். வாயைக் கொஞ்சம் தொறந்து வச்சுக்கிட்டு மோந்து பாரு."

கூண்டுக்காரன் அப்படியே செய்தான். முதலில் வந்தது புகை. அடுப்புப் புகை இல்லை. மழையில் நனைந்த தார்க்கயிற்றை வெயிலில் போட்டால் ஒரு வாடை வருமே, அது. அதற்குப் பின்னால் நாள்பட்ட மரப்பெட்டி. இன்னும் கொஞ்சம் இழுத்தால் உலர்ந்த திராட்சை. ஒரு கிளாஸுக்குள் இத்தனை சாமான் இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

மச்சான் ஸ்பூன் கேட்டு வாங்கினான். தண்ணீரை மொண்டு, கிளாஸின் மேலே சாய்த்து, ஒரே ஒரு சொட்டு விட்டான். "இல்லைன்னா கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே உக்காந்திருக்கும். ஒரு சொட்டு பட்டாத்தான் வெளிய வரும்," என்றான். இவன் கிளாஸிலும் ஒரு சொட்டு விட்டான்.

நாக்கில் வைத்ததும் எரியவில்லை. முதலில் ஒரு இனிப்பு, பிறகு கடல்காற்று உதட்டில் படிகிற மாதிரி ஒரு உப்பு, அதற்கப்புறம் புகை திரும்பி வந்து மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. விழுங்கினபோது சூடு நெஞ்சில் பதமாக இறங்கியது. கைதேர்ந்த ஆபரேட்டர் இறக்குகிற சரக்கு அப்படித்தான் இறங்கும், தரையைத் தொட்டதே தெரியாது. கூண்டுக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். மனுசன் குடிப்பதென்றால் இதையல்லவா குடிக்கணும் என்று தோன்றியது. விசாரணை, லைசென்ஸ், வார்டில் கிடக்கிற கொக்கிக்காரர் எல்லாம் கொஞ்ச நேரம் எங்கேயோ தள்ளிப்போய் நின்றன. காலியான கிளாஸை அவனே நீட்டினான். மச்சான் தாராளமாக ஊற்றினான். தன் கிளாஸில் ஊற்றியது அப்படியே இருக்க, உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டான்.

இரண்டாவது கிளாஸையும் பாதிக்கு மேல் குடித்துவிட்டுத்தான் கூண்டுக்காரன் அந்தக் கையைப் பார்த்தான். வேண்டுமென்று பார்க்கவில்லை. அந்தக் கை எதிரில் இருந்தால் பார்ப்பது அவன் தொழில். மச்சான் மறுபடி ஸ்பூனைச் சாய்த்துக்கொண்டிருந்தான். சுண்டுவிரல் கிளாஸின் அடியைத் தாங்க, மணிக்கட்டு ஒரு நெல்மணி அளவுக்குத் திரும்பியது, ஒரு சொட்டு விழுந்தது, கை நின்றது.

கை எந்த வேலையையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளாது. புதிதாக லீவர் பிடிக்கிறவனின் கை தடுமாறும், தேடும், கூடக்குறையப் போய்த் திரும்பி வரும். ஸ்பூனைப் பிடித்திருந்த கை எதையும் தேடவில்லை. பல தடவை செய்து பழகின கை அது. ஆனால் பாட்டில் இங்கேதான் திறக்கப்பட்டது. அப்படியென்றால் பழகினது வேறு பாட்டில், வேறு மேஜை. கப்பல் சமையல்காரனா மேஜை போட்டு ஸ்பூனும் கையுமாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பான்? கேப்டன்கள் இந்த மாதிரி சரக்கை யாருக்குக் கொடுத்தனுப்புவார்கள் என்பது யார்டில் நாய்க்கும் பூனைக்கும் தெரியும். அந்தப் பெட்டிகளைப் பதமாகக் கரையில் இறக்கிவைத்ததே கூண்டுக்காரன்தான்.

"எத்தன தடவ போன?" என்று கேட்டான்.

"எங்க?"

"மேனேஜர் வீட்டுக்கு."

மச்சான் கிளாஸைக் கீழே வைத்தான். சுவரைப் பார்த்தான், பாயைப் பார்த்தான், கடலையில் ஒன்றை எடுத்துத் தோலை உரித்தான், வாயில் போடவில்லை.

"நாலஞ்சு தடவ இருக்கும்," என்றான். "சோபால உக்கார வச்சார் மாப்ள. எதுத்தாப்ல அவரும் உக்காந்தார். எங்கப்பன் காலத்துலேர்ந்து அந்த வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டுத்தான பேசியிருக்கோம்? அவரே ஊத்திக் குடுத்தார். எப்படிக் குடிக்கணும்னு பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்தார்."

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன, வெயிலில் நின்று விசில் ஊதி நெஞ்சில் காற்றே இல்லை. சூப்பர்வைசர் நாற்காலி ஒன்று காலியாகிறது. ஒன்றும் பெரிதாகச் சொல்ல வேண்டாமாம். ரோப் தெறிக்க ஆரம்பித்ததும் நிறுத்து காட்டினேன், கிரேன் நிற்கவில்லை. இவ்வளவு சொன்னால் போதுமாம். மாப்பிள்ளைக்கும் கெடுதல் வராமல் பேசி வைத்திருக்கிறானாம். கண்ணில் வெயில் அடித்தது, கை தெரியவில்லை என்று இவன் ஒத்துக்கொண்டால் ஜெயில் கியில் எதுவும் கிடையாது. லைசென்ஸ் மட்டும்தான் போகும். ஸ்டோர் ரூமில் ஒரு வேலை போட்டுத் தருவார்கள், நிழலில் உட்கார்ந்திருக்கலாம். இதையெல்லாம் அவன் சொன்ன விதத்தைப் பார்த்தால், மாப்பிள்ளைக்கு வரம் வாங்கி வந்திருக்கிறான் போலத்தான் இருந்தது.

"அப்ப இது?" என்று கூண்டுக்காரன் பாட்டிலைக் காட்டினான்.

"அவர்தான் குடுத்தார். உன்கூட உக்காந்து குடிச்சுட்டு, பக்குவமாப் பேசச் சொன்னார்."

கூண்டுக்காரன் கிளாஸைத் தள்ளி வைத்தான். காறித் துப்பலாம் என்றால் துப்புவதற்கு வாயில் எதுவும் இல்லை, எல்லாம் உள்ளே போயிருந்தது. ருசித்துக் குடித்தோமே, கிளாஸை நீட்டி வேறு வாங்கினோமே என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மச்சான் காலை வாரினது ஒரு பக்கம். தன் நாக்கும் அவன் கட்சிக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

"எந்திரி," என்றான். "அன்னைக்குக் காட்டினதா நாளைக்குக் காட்டப் போறியே, அத இப்பக் காட்டு."

மச்சான் எழுந்து நின்றான். அந்தச் சின்ன அறையில் கையை நீட்ட இடம் போதாமல் ஓரடி பின்னால் நகர்ந்தான். தோளிலிருந்து கையை அகல நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, இடவலமாக ஒரு வீச்சு வீசினான். விரல்கள் ஒட்டி, மணிக்கட்டு நேராக, புது ஆட்களுக்குப் பாடம் நடத்துகிற மாதிரி சுத்தமான நிறுத்து.

பாயில் உட்கார்ந்திருந்த கூண்டுக்காரனின் வலது கால் பிரேக்கை மிதிக்கிற மாதிரி தரையை ஓங்கி மிதித்தது. இடது கை இல்லாத லீவரைப் பின்னுக்கு இழுத்தது. அவன் நினைத்துச் செய்யவில்லை. இத்தனை வருசப் பழக்கம், அந்தக் கை சொன்னால் உடம்பு செய்துவிடும். தரை அதிர்ந்து கடலைத்தட்டு குலுங்கினதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"இத அன்னைக்குக் காட்டியிருந்தா நின்னிருப்பேன்," என்றான்.

"தெரியும் மாப்ள," என்றான் மச்சான். "நாளைக்கும் இதத்தான் காட்டுவேன்."

அடுப்படி வாசலில் நின்றிருந்த மனைவி உள்ளே வந்தாள். அண்ணனுக்கு எதிரில் உட்காரக்கூட மாட்டாள் அவள். "அண்ணா, கெளம்பு," என்றாள்.

"உனக்கு இப்பப் புரியாதும்மா..."

"எனக்குப் புரிஞ்சிடுச்சு. இதுக்கு மேல புரிஞ்சா ஒன்ன அண்ணான்னு கூப்புட முடியாது. கெளம்பு."

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான். பாட்டிலையும் கிளாஸ்களையும் எடுக்கவில்லை. தெரு முனை திரும்புகிறவரை செருப்புச் சத்தம் கேட்டது. முழங்கால் நிஜமாகவே தேய்ந்திருந்தது. ஒரு செருப்பு இழுபட்டது.

கூண்டுக்காரன் தலையில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான். நிறுத்து என்றால் கையோடு விசிலும் ஊத வேண்டும். கை காட்டினதை வேறு எவனும் பார்க்கவில்லை என்று மேனேஜர் சொல்லிக்கொள்ளலாம், விசில் காதில் விழுந்திருக்குமே. மேனேஜரை விட்டால் அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தது கொக்கிக்காரர்தான். முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தவருக்குக் கை தெரிந்திருக்காது. விசில் ஊதியிருந்தால் கேட்காமல் போகாது. விசில் ஊதவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் மச்சானின் கதை அங்கேயே படுத்துவிடும். காலையில் விசாரணை தொடங்குமுன் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் வாக்குமூலம் வாங்கப் போகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். பார்க்க விடுவது இன்றைக்குச் சாயங்காலம்தான். அதை விட்டால் முடியாது.

மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பலமுறை வாயைக் கொப்பளித்தான். இரண்டு ஏலக்காயைக் கடைவாயில் அடக்கிக்கொண்டான். பஸ்ஸில் போகாமல் நடந்தே போனான், காற்றுப் பட்டால் போய்விடும் என்று. கடைச் சரக்கின் வாடை என்றால் அப்படித்தான் போகும். இது எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வாழ்க்கையில் முதல் தடவை குடித்திருக்கிறான்.

வார்டில் ஜன்னலோரக் கட்டில். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பாதிக்குக் கீழே தட்டையாகவும் கிடந்தது. கொக்கிக்காரரின் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் கொக்கிக்காரரின் முகம் மலர்ந்தது. வா கூண்டு, மேலேயிருந்து இறங்கிட்டியா என்று வழக்கமான கேலியோடு கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்தபோது இவனுக்கு அழுகை முட்டியது. இவரிடம் எதையும் பூசி மெழுக வேண்டாம், கேட்டுவிடலாம் என்று தைரியம் வந்தது. பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கக்கூடாதென்று அவர் காதருகே குனிந்து, "அண்ணே, ஒண்ணு கேக்கணும்," என்றான்.

கொக்கிக்காரர் முகத்தைப் பின்னுக்கு இழுத்தார். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"குடிச்சிருக்கியா?"

"மச்சான் குடுத்தான்ணே. இன்னைக்கு மட்டும்தான்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். காலையில் ஆபீஸ் ஆட்கள் பழக்கூடையோடு வந்தார்களாம். கூண்டில் உட்கார்ந்து குடிப்பானாமே, உண்மையா என்று கேட்டார்களாம். "பச்சத்தண்ணி பாட்டில் தவிர அவன் எதையும் மேல கொண்டுபோனதில்லன்னு சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. எம் பொண்ணு மேல சத்தியம் பண்ணேன்."

கூண்டுக்காரன் வாயைத் திறக்கவே பயந்தான்.

"அன்னைக்கும் குடிச்சிருந்தியா?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல."

"வேணாம், சத்தியம் பண்ணாத. நான் பண்ணினதே போதும்."

"அண்ணே, அன்னைக்கு விசில் சத்தம் கேட்டுச்சா? அத மட்டும் சொல்லுங்க."

கொக்கிக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நலம் விசாரிக்க வந்தவனை இல்லை, காரியமாக வந்தவனைப் பார்க்கிற பார்வை. "எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல," என்று சொல்லி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி எழுந்து, இவனுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்று, போர்வையைச் சரிசெய்தார். அவர் தூங்கட்டும் என்றார்.

வார்டைத் தாண்டி நடந்தபோதுதான் அவனுக்கு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியது. காலையில் இங்கே வந்து கேட்டிருக்கிறார்கள், இவர் மறுத்திருக்கிறார், தன் வாயில் வாடை ஏறட்டும் என்று மத்தியானம் பாட்டில் வீடு தேடி வந்திருக்கிறது. இந்தப் பாட்டில் எதற்கு என்று மச்சானுக்குத் தெரியுமா, இல்லை அவனையும் சோபாவில் உட்கார வைத்து ஏமாற்றிவிட்டார்களா? தெரிந்து செய்திருந்தால் அவன் மனுசனே இல்லை. தெரியாமல் செய்திருந்தாலும் நாளைக்குக் கையை நீட்டி அந்த நிறுத்தைக் காட்டத்தான் போகிறான். மச்சான் தன் கிளாஸில் உதட்டை மட்டும் நனைத்தான் என்பது நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

வராந்தாக் குழாயில் வாயை வைத்துக் கொப்பளித்தான். துப்பினான், மறுபடி கொப்பளித்தான், விரலைவிட்டு நாக்கை வழித்தான். புகை போகவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா அவனைப் பார்த்துவிட்டு வாளியை ஓரமாக இழுத்தாள். குடித்துவிட்டு வருகிறவனுக்கு விடுகிற வழி அது. சாதாரண ஆளுக்கு விடுவதைவிட அகலமாக விட்டு, சுவரோடு ஒட்டி நின்றாள். அவன் நேராக நடக்கப் பார்த்தான்.